பாலைவனமும் ஒரு செப்பு வாஷரும்

மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பதிவு பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூட நேரமில்லை. அதுக்கும் சேர்த்து இன்னிக்கு கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். டீயோ காபியோ கையில எடுத்துக்குங்க. மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ் மேட்டர்தான் :-)

கலிஃபோர்னியா பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாரும் லாஸ் வேகாஸுக்கு ஒரு தடவையாவது போயிருப்பாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து 15-ஆம் நம்பர் நெடுஞ்சாலை. பார்ஸ்டோ தாண்டி, அந்த 134 அடி உயர தெர்மாமீட்டர் நிக்கிற பேக்கர் ஊர் தாண்டி, ரோடு மலையேறும். உச்சியில மவுண்டன் பாஸ்னு ஒரு இடம். இடது பக்கம் மண் கலர்ல படிப்படியா வெட்டின மேடும், சில கட்டடங்களும் தெரியும். 120 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டியில இருந்து பார்த்தா ஏதோ கல் குவாரின்னுதான் தோணும்.

அது குவாரி இல்லை. அமெரிக்காவோட முக்கியமான அரிய மண் தனிமச் சுரங்கம். நம்ம போன்ல இருக்கிற வைப்ரேட்டர், ஹார்ட் டிஸ்க், மின்சாரக் கார் மோட்டார், எல்லாத்துலயும் இருக்கிற சின்ன ஆனா முரட்டுக் காந்தத்துக்கு நியோடிமியம்னு ஒரு உலோகம் வேணும். அது இந்த மலையில இருக்கு. நான் பொழைக்கிற பொழப்பே மின்சார வண்டி மோட்டாரை ஓட்டுற சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்றது. அதாவது நான் எழுதுற கோடு ஓடணும்னா, அந்தக் காந்தம் சுத்தணும். காந்தம் சுத்தணும்னா யாராவது எங்கயாவது தோண்டணும்.

இப்ப இன்னொரு கோடு பத்தி.

மேப்ல மவுண்டன் பாஸை பெருசு பண்ணிப் பாருங்க. சுரங்கத்துக்கு வடக்கே கிளார்க் மலை. ரோட்டுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பச்சைக் கலர் அடிச்ச பிரதேசம். ரெண்டுமே மொஹாவி தேசியக் காப்பகத்தோட பகுதிகள். 1994 அக்டோபர் 31-ல் கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டத்துல அன்றைய ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்துப் போட்டப்ப உருவானது. ஏறக்குறைய 16 லட்சம் ஏக்கர். அதுல பாதியளவு நிலம், 1964-ஆம் வருஷச் சட்டப்படி 'வனாந்தரம்'. அதாவது உள்ளே ரோடு போடக்கூடாது, கட்டடம் கட்டக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. நடந்து போகலாம், குதிரையில போகலாம், திரும்பி வந்துடணும்.

பாலைவனத்துல என்னத்தைப் பாதுகாக்கிறதுன்னு கேட்பீங்க. ஜோஷுவா மரம்னு ஒண்ணு. கையைத் தூக்கிட்டு நிக்கிற மனுஷன் மாதிரி இருக்கும். 2020 ஆகஸ்ட்ல இந்தக் காப்பகத்துல இடி விழுந்து பத்தின தீயில் 13 லட்சம் ஜோஷுவா மரம் செத்துப்போச்சுன்னு கணக்கு. அப்புறம் பாலைவன ஆமை. வருஷத்துல பெரும்பகுதி வளைக்குள்ளயே கிடக்கும், 1990-ல இருந்து ஆபத்துப் பட்டியல்ல இருக்கு. கிளார்க் மலை உச்சியில, குளிர் பிரதேசத்துல வளர்ற வெள்ளை ஃபிர் மரங்கள் ஒரு சின்னக் கூட்டமா நிக்குது. பனியுகம் முடிஞ்சு மத்ததெல்லாம் வடக்கே போனப்ப, இதுங்க மட்டும் மலையேறித் தப்பிச்சிருக்கு.

அந்த உச்சிக்குக் கீழேதான் சுரங்கம். கோட்டுக்கு வெளியே. சட்டப்படி எல்லாம் சரி.

'வெளியே'ங்கிற இந்த ஒரு வார்த்தைதான் என்னை ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கு.

மூணு சுரங்கம், மூணு இடம்

இந்தப் பாலைவனத்துல கோட்டுக்கும் சுரங்கத்துக்கும் இருக்கிற உறவு மூணு விதமா இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதலாவது மவுண்டன் பாஸ். கோட்டை ஒட்டி வெளியே. 1949-ல யுரேனியம் தேடிப் போனவங்க கையில இருந்த கருவி கத்தினதை நம்பித் தோண்டினாங்க. கிடைச்சது யுரேனியம் இல்லை, பாஸ்ட்னசைட்ங்கிற கனிமம். 1952-ல சின்ன அளவுல வேலை ஆரம்பிச்சுது. அறுபதுகளின் நடுவுல கலர் டிவி வந்தப்ப, சிவப்பு நிறத்தைப் பளிச்சுனு காட்ட யூரோப்பியம் தேவைப்பட்டது. அது இங்கிருந்துதான் போச்சு. எங்க தாத்தா வீட்டுல மர ஷட்டர் போட்ட டிவி பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, அந்தச் சிவப்புல இந்த மாதிரி மண்ணுதான் இருந்திருக்கு.

சரி, கோட்டுக்கு வெளியே இருந்தா பிரச்சினை இல்லையா? சுரங்கத்துல இருந்து கழிவுநீரைக் கீழே இவான்பா பள்ளத்தாக்குல இருக்கிற வறண்ட ஏரிப்படுகை வரைக்கும் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் குழாய்ல கொண்டு போனாங்க. 1984-ல இருந்து 1998 வரைக்கும் அந்தக் குழாய் ஏறக்குறைய அறுபது தடவை கசிஞ்சோ உடைஞ்சோ இருக்கு. மொத்தம் ஆறு லட்சம் கேலன் வரைக்கும், நம்ம கணக்குல இருபது லட்சம் லிட்டருக்கு மேல, பாலைவன மண்ணுல கொட்டினதா அரசு அதிகாரிகளே சொன்னாங்க. அதுல தோரியமும் ரேடியமும் கலந்திருந்தது. அரிய மண் இருக்கிற இடத்துல தோரியம் கூடவே இருக்கும். அது இயற்கை, யாரும் கலக்கலை. ஆனா மலைக்குள்ள தூங்கிட்டு இருந்ததை எழுப்பிக் குழாய்ல விட்டது மனுஷன். 1998-ல பிரிக்கிற ஆலை நின்னுபோச்சு. 2002-ல சுரங்கத்தையே மூடினாங்க. சீனாவோட விலைக்குப் போட்டி போட முடியாததும் ஒரு காரணம்.

அப்புறம் 2012-ல மறுபடி திறப்பு, 2015-ல திவால், 2017-ல புது நிறுவனம் வாங்கினதுன்னு ஒரு சீரியல் மாதிரி கதை ஓடிச்சு. 2025 ஜூலைல அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 40 கோடி டாலர் பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டுது. கிலோ 110 டாலருக்குக் கீழ விலை போனா மீதியை அரசாங்கம் கொடுக்கும்னு பத்து வருஷத்துக்கு உத்தரவாதமும் உண்டு. நம்ம ஊர்ல நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுக்கிற மாதிரி, காந்தத்துக்கு ஆதரவு விலை!

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இப்ப இருக்கிற முறையில கழிவைச் சேறா குளத்துல விடாம, தண்ணியைப் பிழிஞ்சு எடுத்துட்டு உலர்ந்த மண்ணா அடுக்குறாங்க. பிழிஞ்ச தண்ணி திரும்ப ஆலைக்கே போகுது. அந்தப் பழைய குழாயோட ஒப்பிட்டா இது பெரிய மாற்றம்.

ரெண்டாவது காஸில் மவுண்டன்ஸ். இங்க சுரங்கம் ஒரு தீவு. நெவாடா எல்லையை ஒட்டி இருக்கிற தங்கச் சுரங்கம். 1994-ல காப்பகத்துக்குக் கோடு போட்டப்ப, சுரங்கம் ஓடிட்டு இருந்ததால அந்தப் பகுதியையே விட்டுட்டாங்க. மேப்ல யாரோ ஒரு கடி கடிச்ச மாதிரி இருக்கும். 2016 பிப்ரவரியில ஒபாமா அந்தக் கடிச்ச இடத்துல 20,920 ஏக்கரை தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சார். சுரங்க நிலம் மட்டும் நடுவுல ஓட்டையா நின்னுது. வடைக்கு நடுவுல ஓட்டை மாதிரி. 2020-ல மறுபடி தங்கம் எடுக்க ஆரம்பிச்சாங்க, 2024-ல அகழ்வை நிறுத்தி வச்சாங்க. ஆனா குழியைப் பெருசாக்கிற ரெண்டாம் கட்டத் திட்டம் ஒண்ணு அனுமதிக்குப் போயிருக்கு. அதுல எல்லாரும் கேட்கிற கேள்வி தங்கத்தைப் பத்தி இல்லை. நிலத்தடி நீர் எவ்வளவு உறிஞ்சுவீங்க, காப்பகத்துக்குள்ள இருக்கிற பையூட் ஊற்றுக்கு என்ன ஆகும்ங்கிறதுதான் கேள்வி.

மூணாவது கொலோசியம். இது கோட்டுக்கு உள்ளேயே. கிளார்க் மலைப் பகுதியில, காப்பகம் பிறக்கிறதுக்கு முன்னாடியே தங்கம் எடுத்துட்டு மூடின சுரங்கம். காப்பகச் சட்டம் வந்தப்ப ஏற்கெனவே இருந்த செல்லுபடியாகிற உரிமைகளை ரத்து பண்ணலை. 2021-ல ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் அதை வாங்கி மறுபடி தேட ஆரம்பிச்சுது. தேசியப் பூங்காத் துறை 'உங்ககிட்ட அனுமதி இல்லை'ன்னு சொல்லுச்சு, நிறுவனம் 'பழைய திட்டமே செல்லும்'னு சொல்லுச்சு. 2025 ஏப்ரல்ல உள்துறை அமைச்சகம் நிறுவனம் சொன்னதுதான் சரின்னு அறிவிச்சுடுச்சு. உள்துறைன்னதும் போலீஸ் இலாகான்னு நினைச்சுடாதீங்க, அமெரிக்காவுல அது நிலம், பூங்கா பார்க்கிற அமைச்சகம். பூங்காத் துறையே அதுக்குக் கீழதான் வருது!

ஆக ஒண்ணு வெளியே, ஒண்ணு ஓட்டையில, ஒண்ணு உள்ளே. இப்படி அடுக்கிப் பார்த்தா, உள்ளே இருக்கிறதை எதிர்க்கணும், வெளியே இருக்கிறதை விட்டுடலாம்னு ஒரு முடிவுக்கு வரத் தோணும். அந்த முடிவு எவ்வளவு பலவீனமானதுன்னு ஒரு மீன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

பாலைவனத்துல மீனா?

ஆமா. வேகாஸ்ல இருந்து வடமேற்கே ஒண்ணரை மணி நேரம் ஓட்டினா நெவாடாவுல ஆஷ் மெடோஸ்னு ஒரு வனவிலங்குப் புகலிடம். போன நீண்ட வார இறுதியில நானும் என் ரூம்மேட்டும் போனோம். சுத்தி உப்புப் பூத்த வெள்ளைத் தரை. நடுவுல திடீர்னு நீலமா, அடி வரைக்கும் தெரியுற ஊற்று. பக்கத்துல மரப்பலகை நடைபாதை. குனிஞ்சு பார்த்தா விரல் நீள நீல மீனுங்க ஒண்ணையொண்ணு துரத்திட்டு இருக்கு. நாய்க்குட்டி மாதிரி விளையாடுதுன்னு அதுக்குப் பேரே பப்ஃபிஷ்.

இந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னா, தூரத்து மலையில ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பெஞ்ச மழை. சுண்ணாம்புப் பாறை இடுக்குல ஊர்ந்து ஊர்ந்து இங்க வந்து வெளிய வருது. உலகத்துல வேற எங்கயும் இல்லாத இருபதுக்கு மேல உயிரினங்களும் செடிகளும் இந்த ஒரே இடத்துல இருக்கு.

புகலிடத்துக்கு நடுவுலயே ஒரு குன்றோட அடிவாரத்துல டெவில்ஸ் ஹோல். பேருக்கேத்த மாதிரி பாறையில ஒரு பிளவு, கீழே கறுப்பா தண்ணி. அடி எங்க இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. தண்ணி சூடு எப்பவும் 33 டிகிரிக்கு மேல. ஒரு ஓரத்துல மட்டும் தண்ணிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறை மேடை, நீளம் அஞ்சு மீட்டர், அகலம் மூணரை மீட்டர். நம்ம ஃபிளாட் பெட்ரூம் சைஸ். டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ்ங்கிற இனம் மொத்தமும் அந்த மேடையில பாசி தின்னு, அங்கயே முட்டை போட்டு வாழுது. வேற எங்கயும் இயற்கையா கிடையாது. 2013-ல எண்ணினப்ப 35. 2024 வசந்தத்துல 191, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. பூகம்ப அதிர்வுல தண்ணி அலையடிச்சு மேடையைக் கழுவிட்டுப் போக, 2025 தொடக்கத்துல எண்ணினா 38.

(பக்கத்துலயே இதே மாதிரி செயற்கையா ஒரு தொட்டி கட்டி, அதே மாதிரி மேடை வச்சு, பேக்கப் மீன் வளர்க்கிறாங்க. நம்ம பாஷையில சொன்னா ஒரு ஸ்டேஜிங் சர்வர்!)

நாங்க போனப்ப வேலிக்கு வெளியே நின்னு எட்டித்தான் பார்க்க முடிஞ்சது. மீன் எதுவும் கண்ணுக்குத் தெரியலை. ரூம்மேட் "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?"ன்னு கேட்டான். வேலிக்குப் பக்கத்துல நிழலே இல்லை. அவனை வண்டியில ஏசி போட்டு உட்கார வச்சுத்தான் மீதிக் கதையைச் சொன்னேன்.

1952-ல ஜனாதிபதி ட்ரூமன் டெவில்ஸ் ஹோலைச் சுத்தி 40 ஏக்கரை மட்டும் தனித் துண்டா மரணப் பள்ளத்தாக்கு தேசிய நினைவுச்சின்னத்தோட சேர்த்தார். கோடு போட்டாச்சு, மீன் உள்ளே. எல்லாம் சுபம்தானே? 1968-ல நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பண்ணை ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்க ஆரம்பிச்சுது. அவங்க நிலம், அவங்க கிணறு, கோட்டுக்கு நல்லா வெளியே. ஆனா டெவில்ஸ் ஹோல்ல தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டுக்காரர் போர் போட்டா நம்ம வீட்டுக் கிணறு வத்துற கதை நமக்குத் தெரியாததா? அதேதான். பாறை மேடை கொஞ்சம் கொஞ்சமா வெளிய தெரிய ஆரம்பிச்சுது. முட்டை போட இடம் சுருங்கிச்சு.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஊர்ல கார் பம்பர்ல 'மீனைக் காப்பாத்து'ன்னு ஒரு கோஷ்டியும் 'மீனைக் கொல்லு'ன்னு இன்னொரு கோஷ்டியும் ஸ்டிக்கர் ஒட்டினாங்க. 1976 ஜூன்ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல தீர்ப்பு சொன்னாங்க. நிலத்தை ஒதுக்கினப்பவே, அதுல இருக்கிறதைக் காப்பாத்தத் தேவையான தண்ணியும் சேர்த்துத்தான் ஒதுக்கினதா அர்த்தம். கோட்டுக்கு வெளியே இருக்கிற கிணறும் அதை மதிக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம் வர்ற விஷயம். டெவில்ஸ் ஹோல் பாறைச் சுவர்ல 1962-ல அளவு பார்க்கிறதுக்காக ஒரு செப்பு வாஷரைப் பதிச்சு வச்சிருந்தாங்க. போல்ட்டுக்குப் போடுவோமே, அதே வாஷர்தான். கோர்ட் அதையே பிடிச்சுக்கிச்சு. தண்ணி அந்த வாஷருக்குக் கீழே 2.7 அடிக்கு மேல இறங்கக் கூடாது. இறங்கினா பம்பை நிறுத்து. அவ்வளவுதான். 'சுற்றுச்சூழலுக்குப் பாதகமின்றி', 'இயன்ற அளவு'ன்னு வழவழ வார்த்தை எதுவும் கிடையாது. ஒரு வாஷர், ஒரு எண்.

அப்ப தோண்டவே கூடாதா?

ரூம்மேட் இதைத்தான் கேட்டான். அவன் அடுத்த வருஷம் மின்சாரக் கார் வாங்கப் போறவன். "மச்சி, நீ அந்த மோட்டாருக்கு கோடு எழுதிச் சம்பளம் வாங்குறே. இங்க தோண்டக் கூடாதுன்னா சீனாவுல தோண்டுவான். அங்க போய் இந்த மாதிரி வேலி ஓரத்துல நின்னு கேள்வி கேட்க முடியுமா உன்னால?"

ரொம்ப நியாயமான கேள்வி. பெட்ரோல் புகையில இருந்து தப்பிக்க காந்தம் வேணும், பேட்டரி வேணும். அது ஏதோ ஒரு மண்ணுல இருந்துதான் வரணும். எங்க வீட்டுக்கிட்ட இல்லாத வரைக்கும் எங்க வேணும்னா தோண்டிக்கோன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கலை.

எனக்கு ஒத்துக்காததுக்கு சொந்தக் காரணமும் இருக்கு. நான் நாகர்கோவில்காரன். எங்க மாவட்டத்துல மணவாளக்குறிச்சின்னு ஒரு கடற்கரை ஊர். அந்தக் கரையோட கறுப்பு மணல்ல மோனசைட் இருக்குன்னு 1909-ல ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சார். இங்கிருந்து போன தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மண்ணுல இருந்து! அன்னிக்கு கேஸ் விளக்கு மேன்டிலுக்கு தோரியம் வேணும், அதுக்காகக் கப்பல் கப்பலா போச்சு. அதே மோனசைட்லதான் அரிய மண்ணும் இருக்கு. இன்னிக்கும் அங்க மத்திய அரசு நிறுவனத்தோட மணல் ஆலை ஓடுது. பக்கத்துக் கிள்ளியூர் வட்டத்துல புதுசா அள்ளுறதுக்குத் திட்டம் போட்டப்ப, கடலோர ஊர்க்காரங்க எதிர்ப்பு சொன்னாங்க.

அதனால மவுண்டன் பாஸ் பத்திப் படிச்சப்ப எனக்கு அது வேத்து ஊர்க் கதையா தெரியலை. மாமாகிட்ட போன்ல சொன்னேன். அவர் சிரிச்சிட்டு, "மருமவனே, இங்க கடக்கரையில அள்ளுகானுவ, அங்க மலையில அள்ளுகானுவ. மண்ணு ஒண்ணுதானலே? அள்ளுகவன்கிட்ட ஒண்ணு கேளு. எம்புட்டு அள்ளினா நிறுத்துவேன்னு கேளு"ன்னார்.

எம்புட்டு அள்ளினா நிறுத்துவே? நானும் இதையேதான் இவ்வளவு நீளமா சுத்தி வளைச்சுச் சொல்லிட்டு இருக்கேன்.

நம்ம தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. புது ரிலீஸ் போடறதுக்கு முன்னாடியே, எந்த அளவு எகிறினா ரோல்பேக் பண்ணணும்னு எழுதி வச்சுடுவோம். போட்டப்புறம் உட்கார்ந்து யோசிச்சா நடக்காது. ஏன்னா அதுக்குள்ள எல்லாருக்கும் அந்த ரிலீஸ் மேல பாசம் வந்துடும், பணம் போயிருக்கும், மேனேஜர் மேலிடத்துக்குச் சொல்லியிருப்பார். சுரங்கத்துலயும் அப்படித்தான். தோண்ட ஆரம்பிச்சு, ஐநூறு பேர் வேலைக்குச் சேர்ந்து, அவங்க பிள்ளைங்க பக்கத்து ஊர் ஸ்கூல்ல சேர்ந்ததுக்கப்புறம் ஊற்று வத்துதுன்னா, யாருக்கும் நிறுத்துன்னு சொல்ற தைரியம் வராது. வந்தாலும் அது அந்த ஐநூறு வீட்டுக்கு அநியாயமா முடியும்.

பாலைவனத்துல இது இன்னும் மோசம். மழை நாட்டுல தப்பு நடந்தா அடுத்த பருவ மழை கொஞ்சமாவது சரி பண்ணும். இங்க பூமிக்கடியில இருக்கிறது பழைய காலத்துச் சேமிப்பு. திறந்தவெளிக் குழி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழ போயிட்டா, குழி நிரம்பாம இருக்க ராப்பகலா இறைக்கணும். சுத்தி தண்ணி மட்டம் கூம்பு மாதிரி உள்வாங்கும். அந்தக் கூம்பு மெதுவா, வருஷக்கணக்குல பரவும். ஊற்றுல அது தெரியறதுக்குள்ள சுரங்கமே முடிஞ்சு நிறுவனம் மூட்டை கட்டியிருக்கலாம். மேல் பரப்புல போட்ட கோடு கீழே இருக்கிற பாறைக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம் சட்டத்தைப் பாருங்க. அமெரிக்காவுல மத்திய அரசு நிலத்துல உலோகம் தேடறதுக்கு இன்னிக்கும் அடிப்படை 1872-ஆம் வருஷத்துச் சட்டம். அஞ்சு ஏக்கருக்குள்ள தோண்டிப் பார்க்கிறதுன்னா, நில நிர்வாக அமைப்புக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துட்டுப் பதினஞ்சு நாள் காத்திருந்தா போதும். 2023-ல ஆஷ் மெடோஸ் வேலியை ஒட்டி இப்படித்தான் ஒரு நிறுவனம் லித்தியம் தேட முப்பது துளை போடறதா நோட்டீஸ் கொடுத்துது, அதுவும் முதல்ல ஏத்துக்கப்பட்டது. உள்ளூர் அமைப்புகள் கோர்ட்டுக்குப் போனதும், ஜூலைல அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிட்டாங்க. 2025 ஜனவரியில அந்தச் சுற்று வட்டார நிலத்தைப் புதுச் சுரங்க உரிமைகள்ல இருந்து விலக்கி வைக்கிற யோசனையை அறிவிச்சாங்க. அந்த மாதிரி அறிவிப்பு ரெண்டு வருஷத்துக்குத்தான் தாங்கும். அதுக்குள்ள முடிவு எடுக்கணும்.

அங்க நின்னு கேட்டது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்குல குடியிருக்கிற ஜனங்க. அவங்க வீட்டுக் கிணறும் அதே தண்ணியிலதான் ஓடுது. மீனுக்கு ஆபத்துன்னா முதல்ல அவங்க பைப்புலதான் காத்து வரும். இதையும் ரூம்மேட்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "வாஷர் எவ்வளவு பெருசு இருக்கும்?"னு மட்டும் கேட்டான்.

நான் சுரங்கத்தையும் காரையும் வேண்டாம்னு சொல்லலை. என் சம்பளம் அதுலதான் வருது. நான் கேட்கிறது சின்ன விஷயம். காஸில் மவுண்டன்ஸ் குழி பெருசாகறதுக்கு முன்னாடி பையூட் ஊற்றுல ஒரு குறி வைக்கணும். எந்த அளவுக்குக் கீழ தண்ணி போனா பம்பு நிக்கும்னு எண்ணாவே எழுதணும். அதை நிறுவனமும் அதுக்கு அனுமதி கொடுத்த அலுவலகமும் இல்லாத மூணாவது ஆள் அளக்கணும், யார் வேணும்னாலும் நெட்ல பார்க்கிற மாதிரி போடணும். கொலோசியத்துக்கும் அதேதான், மணவாளக்குறிச்சிக்கும் அதேதான். அங்க தண்ணி மட்டத்தோட கடலரிப்பையும் கதிர்வீச்சையும் அளக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எண்ணை முன்கூட்டியே எழுதித் தர ஒரு திட்டம் தயங்கினா, ஏன் தயங்குதுன்னு நமக்கே புரிஞ்சுடும்.

வேலி கட்டிட்டோம், மேப்ல பச்சை அடிச்சுட்டோம்னு திருப்திப்படறது ரொம்ப சுலபம். அந்த 40 ஏக்கருக்குள்ள இருந்த மீனைக் கடைசியில காப்பாத்தினது 1952-ல போட்ட கோடு மட்டும் இல்லை. சுவத்துல பதிச்ச, காசு அளவு செப்புத் துண்டும் அதுக்குக் கீழ 2.7 அடியும் சேர்ந்துதான். இனிமே எந்த ஊர்ல யார் 'பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியேதான் தோண்டறோம்'னு சொன்னாலும் என் கேள்வி ஒண்ணுதான்: உங்க வாஷர் எங்கே?

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம். சுரங்கத்துறையில, புவியியல்ல வேலை பார்க்கிற பதிவர்கள் யாராவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசை.

பி.கு: வேகாஸ் போறவங்க அரை நாள் மிச்சம் பிடிச்சு ஆஷ் மெடோஸ் போயிட்டு வாங்க. நுழைவுக் கட்டணம் கிடையாது. குடிக்கத் தண்ணி நிறைய எடுத்துட்டுப் போங்க. டெவில்ஸ் ஹோல்ல மீன் தெரியலைன்னு ஏமாற வேண்டாம், மரநடைபாதை போட்ட ஊற்றுகள்ல அதோட சொந்தக்காரங்க நிறைய இருக்காங்க :-)